பாய்க்கயிறும் பேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஷாண்டி என்கிற மாலுமிப் பாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸின் 'சீ சாங்ஸ்' கேட்டேன். மிடுக்கான அணிவகுப்பு இசைதான். ஆனால் கயிறு இழுக்கிற ஆள் ஒருவரையும் அதில் காணோம். என் காதுதான் பழகவில்லையா, இல்லை இந்தப் பாட்டுகள் பேண்டுக்கு ஒத்துவராதா?

ரா.

அன்புள்ள ரா.,

உங்கள் காதில் குறையில்லை. 1923இல் ராணுவ பேண்டுக்காக எழுதிய அந்த இசையில் ஷாண்டி ஒன்றுகூடக் கிடையாது. 'பிரின்சஸ் ராயல்', 'அட்மிரல் பென்போ', 'போர்ட்ஸ்மத்' என்று மூன்று மெட்டுகள். 'பென்போ', சண்டையில் கால் சிதைந்து 1702இல் இறந்த ஒரு தளபதியின் கதைப்பாட்டு. 'போர்ட்ஸ்மத்' பழைய நடன மெட்டு. வேலை முடிந்து உட்கார்ந்து பாடுவது வேறு, வேலை நடக்கவே பாடுவது வேறு. ஷாண்டி இரண்டாவது வகை, அதுவும் வணிகக் கப்பல்களின் சொத்து. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் வேலைநேரத்தில் பாட விடமாட்டார்கள், ஊதலும் பிடிலும்தான். பிற்காலத்தில் ராணுவ பேண்டுகளே ஷாண்டி வாசித்தது வேடிக்கைதான்.

சரி, அந்த இழுப்பு எங்கே இருக்கிறது? 'போனி வாஸ் எ வாரியர்' என்றொரு பாட்டு. போனி என்றால் நெப்போலியன். ஒருவர் ஒரு வரி பாடுவார். அதற்குள் மற்றவர்கள் பிடியை மாற்றி மூச்சு வாங்கிக்கொள்வார்கள். பதில் வரியில் எல்லோரும் சேர்ந்து இழுப்பார்கள். கரைவலை இழுக்கும் மீனவர்களின் அம்பாப் பாட்டைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கயிற்றால் ஏற்றுகிற கப்பல் பாய் கனத்தால் பாட்டு மெதுவாகும். வேலை இழுத்துக்கொண்டே போனால் பாடுகிறவர் அங்கேயே புதிதாக வரி கட்டுவார். பேண்டிலோ நடத்துநரின் கோல் வைத்ததுதான் வேகம். அது போகட்டும். மூச்சு வாங்கும் அந்த இடைவெளியில் சைடு டிரம் என்கிற சின்ன முரசை நுழைத்து நிரப்பிவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம் மால்கம் ஆர்னல்ட். இவரும் இசையமைப்பாளர், லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் டிரம்பெட் வாசித்தவர். 1943இல் 'த்ரீ ஷாண்டீஸ்' எழுதினார். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸூன் என்று ஐந்தே ஊதுகருவிகள், முழு பேண்டு இல்லை. அவர் எடுத்த மூன்று பாட்டும் மூன்று வேலைகளுக்கானவை. 'ட்ரங்கன் செய்லர்' கயிற்றைப் பிடித்தபடி தளத்தில் விறுவிறுவென்று நடக்கும்போது, 'போனி' விட்டுவிட்டு இழுக்கும்போது, 'ஜானி கம் டவுன் டு ஹைலோ' நங்கூரச் சங்கிலி சுற்றும் உருளையைத் தள்ளிக்கொண்டு வட்டமடிக்கும்போது. முதல் பாட்டின் நடுவே குடிகார மாலுமி திடீரென்று டாங்கோ ஆட ஆரம்பித்துவிடுவார். மரியாதை காட்டுகிறேன் என்று மெட்டை விறைக்க வைப்பதைவிட இந்தக் குறும்பு மேல்.

ஐந்து பேர் என்பதால் ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வது தனித்தனியாகக் காதில் விழுகிறது. ஐம்பது பேர் ஒன்றாக ஊதினால் அது மறைந்துபோகும். நீங்கள் இரண்டாவது பகுதியை, அந்த 'போனி'யை, முதலில் கேளுங்கள். டாங்கோவுக்கு அப்புறம் போகலாம்.