உக்ரைனின் கிராஸ் கன்ட்ரி (பனியில் நெடுந்தூரம் ஓடும்) ஸ்கீ வீராங்கனை வாலென்டினா ஷெவ்சென்கோ 33 வயதில் உலகப் பதக்கம் வென்றது எப்படி? அதிர்ஷ்டமா?

முதலில் ஆளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். இந்தப் பெயரைத் தேடினால் முதலில் வருபவர் கிர்கிஸ்தானில் பிறந்த யுஎஃப்சி (கலப்புத் தற்காப்புக் கலை) சண்டை வீராங்கனை. அவர் வேறு. நீங்கள் கேட்கும் ஷெவ்சென்கோ 1975 அக்டோபரில், கார்பாத்திய மலையடிவாரத்தை ஒட்டிய செர்னிவ்ட்சியில் பிறந்தவர். 2009 பிப்ரவரியில் செக் குடியரசின் லிபெரெட்ஸில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் 30 கி.மீ. வெண்கலம் வாங்கினார். 2014 சோச்சி ஒலிம்பிக் தொடக்க விழாவில் உக்ரைன் கொடியைத் தூக்கி வந்தவரும் இவர்தான். அப்போது வயது 38.

அதிர்ஷ்டம் இல்லை. அவர் பதக்கம் வென்ற பந்தயத்தின் வகையைப் பாருங்கள்: 30 கி.மீ., மாஸ் ஸ்டார்ட் (எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவது), ஸ்கேட்டிங் முறை (ஸ்கீயைப் பக்கவாட்டில் உந்திப் போவது). சிறிய அணியிலிருந்து வருபவருக்குக் கதவு திறந்திருக்கும் பந்தயம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஸ்கேட்டிங் முறையிலிருந்து தொடங்குவோம். கிளாசிக் முறையில் (ஸ்கீக்களை இணையாக வைத்து நேராக உதைத்துப் போவது) ஒரே ஸ்கீக்கு இரண்டு வேலை. அதன் முன்பகுதியும் பின்பகுதியும் வழுக்க வேண்டும். பாதத்துக்குக் கீழே உள்ள பகுதி மட்டும் உதைக்கும்போது பனியைக் கவ்வ வேண்டும். அந்த இடத்துக்குத் தனி மெழுகு பூசுவார்கள். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி நின்று, புதுப் பனியும் கொட்டினால் தொலைந்தது கதை. மெழுகு மென்மையாக இருந்தால் பனி அதில் ஒட்டிக் கட்டி கட்டிவிடும், கடினமாக இருந்தால் ஏற்றத்தில் கால் பின்னால் வழுக்கும். பெரிய அணிகள் பந்தயம் தொடங்கும் வரை ஆள் போட்டுச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். நார்வேக்காரர்களிடம் இதற்கென்று தனி லாரியே உண்டு. ஸ்கேட்டிங்கில் கவ்வும் மெழுகு கிடையாது, வழுக்கினால் போதும். தப்பு நடக்கக்கூடிய இடங்களில் பாதி அங்கேயே குறைந்துவிடுகிறது.

அதற்காக வழுக்கும் மெழுகு சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். ஸ்கீயின் அடிப்பரப்பில் கல்லால் நுண்ணிய கோடுகள் கீறியிருப்பார்கள். ஈரப் பனிக்குக் கரடான கோடு, குளிர்ந்த வறண்ட பனிக்கு மெல்லிய கோடு. ஈரத்தில் மெல்லிய கோடுள்ள ஸ்கீயைக் கொடுத்தால், அடியில் தேங்கும் தண்ணீர்ப் படலம் பிடித்து இழுக்கும். பிறகு மெழுகைச் சூடான இரும்பால் உருக்கித் தேய்த்து, ஆறவிட்டு, தகட்டால் சுரண்டி, வெண்கலக் கம்பித் தூரிகையாலும் நைலான் தூரிகையாலும் துடைத்தெடுப்பார்கள். 2009இல் தண்ணீரை விரட்டும் புளோரின் மெழுகுக்குத் தடை இல்லை. 2023-24 பருவத்தில்தான் தடை அமலுக்கு வந்தது. காசு உள்ள அணிக்கு அந்த மெழுகு நல்ல ஆயுதமாக இருந்தது, குறிப்பாக ஈரப் பனியில்.

அப்படியானால் காசு குறைந்த அணி எப்படித் தாக்குப்பிடிக்கும்? இங்கேதான் மாஸ் ஸ்டார்ட் கை கொடுக்கிறது. முப்பது விநாடிக்கு ஒருவராகக் கிளம்பும் பந்தயத்தில் உங்கள் ஸ்கீ கிலோமீட்டருக்கு ஒரு விநாடி மந்தம் என்றால், அந்த நஷ்டம் முழுக்க உங்கள் கணக்கில்தான். காற்றையும் தனியாகத்தான் கிழிக்க வேண்டும். எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினால் முன்னால் போகிறவர் காற்றைத் தாங்குவார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் ஸ்கீயின் மந்தத்தில் ஒரு பகுதி மறைந்துபோகும். எதிராளியின் வேகமும் கண்முன்னே தெரியும். ஓரமாக நின்று நேரம் சொல்லும் பயிற்சியாளர்கள் அவ்வளவாகத் தேவைப்படாது.

ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. கூட்டத்தின் வாலில் மாட்டினால் ஒவ்வொரு ஏற்றத்தின் அடியிலும் நெரிசல்: நின்று, பிறகு ஓடி முன்கூட்டத்தைப் பிடிக்க வேண்டும். இப்படிப் பத்து முறை ஆனால் கால் செத்துவிடும். யாராவது மிதித்துக் கைக்கோல் ஒடியும். பாதையோரம் மாற்றுக்கோல் கொடுக்க ஆள் நின்றாலும் நீளம் பொருந்தாமல் போகலாம் (ஸ்கேட்டிங் கோல் உயரத்தில் சுமார் 90 சதவீதம் இருக்கும், அதில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்தாலே முதுகு சொல்லும்). சர்க்கரைப் பானத்தைத் தவறவிட்டால் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. இருபது கிலோமீட்டரைத் தாண்டும்போது தெரியும்.

இனி 30 கி.மீ. பெண்களுக்கு ஒன்றேகால் மணி நேரப் பந்தயம் அது. வேக ஓட்டத்தின் வெடிப்பு வயதோடு முதலில் குறைகிறது; வருடக்கணக்கில் சேர்த்த மூச்சுத் திறன் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. அந்த மேடையையே பாருங்கள்: தங்கம் வென்ற போலந்தின் யுஸ்டினா கோவால்சிக்குக்கு 26, வெள்ளி வென்ற ரஷ்யாவின் எவ்கேனியா மெட்வெதேவாவுக்கு 32, ஷெவ்சென்கோவுக்கு 33. கோவால்சிக் அதே லிபெரெட்ஸில் 15 கி.மீ. பர்சூட் (பாதி தூரம் கிளாசிக், பாதி ஸ்கேட்டிங்) தங்கமும் 10 கி.மீ. கிளாசிக் வெண்கலமும் வாங்கியிருந்தார். அப்படிப்பட்டவரோடு ஓடி வந்த மூன்றாமிடம் இது.

இந்த வெண்கலத்தின் எடையை உக்ரைனுக்குள் வைத்துத்தான் நிறுக்க வேண்டும். அங்கே குளிர்கால விளையாட்டு என்றால் பயத்லான்தான் (ஸ்கீ ஓட்டமும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த போட்டி). 1994 லில்லிஹாமரில் வாலென்டினா செர்பேயின் வெண்கலத்தில் தொடங்கி, 2014 சோச்சியில் பெண்கள் ரிலே தங்கம் வரை ஒலிம்பிக் பதக்கங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே விழுந்தன. துப்பாக்கி இல்லாத ஸ்கீயில் சுதந்திர உக்ரைன் சோச்சி வரை ஓர் ஒலிம்பிக் பதக்கம்கூடப் பார்க்கவில்லை. ரிலேயிலும் ஷெவ்சென்கோ ஒருவரால் ஒன்றும் செய்ய முடியாது, சம பலத்தில் நான்கு பேர் வேண்டும்.

அவர் பதக்கம் வென்ற பந்தயம் இன்று அந்த வடிவில் இல்லை. ஆண், பெண் இருவருக்கும் ஒரே தூரம் என்று சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 2022இல் முடிவெடுத்தது. 2025 ட்ரொன்ஹெய்ம் உலகச் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் 50 கி.மீ. ஓடினார்கள், ஸ்வீடனின் ஃப்ரீடா கார்ல்சன் வென்றார். நீண்ட தூரத்தில் பலம் உள்ள, ஆனால் கடைசி நூறு மீட்டரில் வேகம் இல்லாத ஒருவருக்கு இந்த மாற்றம் சாதகம்தான். ஷெவ்சென்கோவுக்குத்தான் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது.