எந்தப் படை எடுத்தால் ஜெயிக்கலாம்? காரைக்குடியிலிருந்து பதில்கள்

குட்டிப் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடித்துப் படை சேர்த்து, மேசையில் பகடை உருட்டி மோதவிடும் வார்ஹாமர் 40,000 ஆடும் நம் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தேவகோட்டை: என் படையின் வெற்றி விகிதம் 46 சதவீதமாம். விற்றுவிட்டு வேறு வாங்கலாமா அண்ணே?

வேண்டாம் தம்பி. 45 முதல் 55 சதவீதத்துக்குள் எல்லாப் படைகளும் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் இலக்கு. ஐந்து சுற்று டோர்னமென்டில் 46 சதவீதப் படை சராசரியாக 2.3 ஆட்டம் ஜெயிக்கும், 54 சதவீதப் படை 2.7. அரை ஆட்டம்கூட வித்தியாசம் இல்லை. அப்புறம், அந்த 46 எத்தனை ஆட்டத்தில் வந்தது? நூறு ஆட்டம்தான் என்றால், சரிபாதி பலமுள்ள படைகூடப் பகடையின் போக்கில் 40 முதல் 60 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். மாதக்கணக்கில் பெயின்ட் அடித்த படையை இதற்காகக் கைவிடாதீர்கள்.

பள்ளத்தூர்: செஸ் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே காய்கள் கொடுத்தால் பிரச்சினையே இல்லையே?

காய்கள் வேறாக இருந்தாலும் சமன் செய்யலாம், ஆடு புலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஆயா வீட்டுத் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடுவோம். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். புலி தாண்டி வெட்டும், ஆட்டால் வெட்ட முடியாது, சுற்றி அடைக்க மட்டும்தான் முடியும். இரண்டு ஆட்டைக் குறைத்தால் புலிக்குக் கொண்டாட்டம். அந்த எண்ணிக்கைதான் சமநிலை.

வார்ஹாமரில் அந்த வேலையைச் செய்வது பாயின்ட்ஸ். இருவரும் 2,000 பாயின்ட்டுக்குள் படை கட்டுகிறோம், பலமான யூனிட்டுக்கு (சேர்ந்து இயங்கும் பொம்மைக் குழுவுக்கு) பாயின்ட் விலை அதிகம். ஆனால் விலையை மட்டும் ஏற்றி எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது. 2023 ஜூனில் ஆட்ட விதிகளின் பத்தாம் பதிப்பு வந்தபோது எல்டாரி படை மற்றவர்களை நசுக்கியது. அந்தப் படைக்காரர் பகடைகளை முன்கூட்டியே உருட்டி வைத்து, ஆறு தேவைப்படும் இடத்தில் ஆறை எடுத்துப் போடலாம். அவர்களுடைய சில பெரிய ஆயுதங்களுக்கோ ஆறு விழுந்தால் எதிரியின் கவசம் காப்பாற்றாது. இரண்டும் சேர்ந்தபோது எதிரில் நின்றவருக்கு ஆட்டமே இல்லை. பாயின்ட்ஸை ஏற்றியதோடு, செப்டம்பரில் அந்த ஆயுத விதியையும் மாற்றிய பிறகுதான் நிலைமை கொஞ்சம் தணிந்தது.

கானாடுகாத்தான்: எல்லோரும் ஆடும் ஸ்பேஸ் மரீன் படை ஏன் வெற்றி விகிதப் பட்டியலில் மேலே வருவதில்லை?

எல்லோரும் ஆடுவதால்தான். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறார்கள், அவர்கள் தோற்பதும் கணக்கில் சேர்கிறது. மரீனும் மரீனும் மோதினால் ஒன்று ஜெயிக்கும், ஒன்று தோற்கும். அந்த ஆட்டங்களையும் சேர்த்தால் விகிதம் ஐம்பதை நோக்கி இழுக்கப்படும். யாரும் தொடாத கஷ்டமான படையை எடுப்பவர் பழுத்த ஆட்டக்காரராக இருப்பார், அதனால் அதன் எண் அழகாகத் தெரியும்.

கோட்டையூர்: பெயின்ட் அடிக்காத படையோடு வரலாமா?

நண்பர்களோடு ஆட வரலாம். டோர்னமென்ட் என்றால், பத்தாம் பதிப்பில் 100 மதிப்பெண்ணில் 10 பெயின்டுக்குத்தான். அதை விட்டுவிடாதீர்கள் ஆச்சி.

புதுவயல்: நாங்கள் ஆறு பேர்தான். நோட்டுப் போட்டு எங்கள் விகிதத்தைக் கணக்கிடலாமா?

தாராளமாக. ஆனால் ஆறு பேருக்குள் எழுதினால் அது படையின் கணக்கு ஆகாது, ஆளின் கணக்கு. அதனால் படைகளை மாற்றிக்கொண்டு, அதே மேசையில், அதே தடுப்புகளோடு மறுபடி ஆடுங்கள். ஆயாவும் ஒரு ஆட்டம் முடிந்ததும் "இப்ப நீ ஆட்டை எடு" என்றுதான் சொல்வார். முக்கியமாக, மேசையில் பார்வையை மறைக்கும் கட்டடங்கள் போதுமா என்று பாருங்கள். வெட்டவெளியாக இருந்தால் தூரத்திலிருந்து சுடும் படைதான் ஜெயித்துக்கொண்டே இருக்கும், நோட்டில் நீங்கள் எழுதுவது மேசையின் குறையாகிவிடும்.