வளரும் நகரங்களும் தண்ணீர் உரிமையும்: மேற்கு அமெரிக்கச் சட்டங்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கொலராடோவில் நீரை முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முன்னுரிமை என்று படித்தேன். அப்படியிருக்க, இனிமேல் குடியேறப் போகும் மக்களுக்காக ஒரு நகரம் இன்றே உரிமை கேட்பது எப்படி?

பதில்: நீங்கள் படித்தது சரி. ஆற்றங்கரையில் நிலம் வைத்திருப்பது அங்கே உரிமையாகாது என்பதை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1882-லேயே உறுதி செய்துவிட்டது. நீரைப் பயன்படுத்தும் எண்ணமில்லாமல் உரிமையை முடக்கி வைப்பது ஊக வணிகம் என்று மறுக்கப்படும். இவ்விதியை நகரங்களுக்கும் அப்படியே பொருத்தினால், மக்கள் வந்து சேர்ந்த பிறகுதான் தண்ணீர் தேட முடியும். அதற்குள் ஆறு முழுவதும் பிறர் கைக்குப் போயிருக்கும். ஆகவே, இயல்பான மக்கள்தொகைப் பெருக்கத்துக்கு நியாயமான காலத்துக்குள் தேவைப்படும் நீரை முன்கூட்டியே பெறுவது ஊக வணிகமன்று, முன்யோசனையே என்று டென்வர் நகர வழக்கில் 1939-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேள்வி: இச்சலுகையைக் காட்டி ஒரு நகரம் ஆற்றையே வளைத்துப் போடாதா?

பதில்: அந்த அச்சம் நியாயமானதே. கொலராடோவின் பகோசா பகுதிக் குடிநீர் வாரியத்தின் வழக்கில் 2007-இலும் 2009-இலும் வந்த தீர்ப்புகள் இதற்கு வரம்பு கட்டின. திட்டமிடும் காலம் நியாயமானதாக இருக்க வேண்டும். மக்கள்தொகைக் கணிப்புக்கு ஆதாரம் வேண்டும். கேட்கும் அளவு, கையிருப்புக்கு மேல் உண்மையில் தேவைப்படுவதாக இருக்க வேண்டும். நிபந்தனை உரிமை, அதாவது நீரை இன்னும் பயன்படுத்தத் தொடங்காத நிலையிலேயே முன்னுரிமையைக் காத்து வைக்கும் உரிமை பெற்ற நகரம், வேலை முனைப்பாக நடக்கிறது என்பதை ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கவும் வேண்டும்.

கேள்வி: எங்கள் பண்ணையின் நீர் உரிமையை நகரம் விலைக்குக் கேட்கிறது. வாய்க்காலில் எடுக்கும் அளவு முழுவதையும் விற்க முடியுமா?

பதில்: முடியாது. நீங்கள் 100 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி) எடுத்து, பயிர் 55-ஐ மட்டும் உறிஞ்சியிருந்தால், அந்த 55-ஐத்தான் மாற்ற முடியும். மீதி 45 வயலிலிருந்து வழிந்தும் கசிந்தும் ஆற்றுக்குத் திரும்பியது. கீழே உள்ளவர்களின் உரிமை அதை நம்பியே நிற்கிறது. பிற உரிமையாளர் எவருக்கும் பாதிப்பு வரக்கூடாது என்பதே உரிமை மாற்றத்தின் அடிப்படை நிபந்தனை. ஆனால் இந்தப் பாதுகாப்பு நீர் உரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே. வயல் தரிசானால் வேலை இழக்கும் கூலித் தொழிலாளிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கொலராடோவின் குரோலி மாவட்டத்தில் நகரங்கள் உரிமைகளை வாங்கிய பின் பாசன நிலத்தின் பெரும்பகுதி காய்ந்துபோனது. இதை நான் சட்டத்தின் பெருங்குறையாகவே கருதுகிறேன். முற்றிலும் விற்காமல், வறட்சி ஆண்டுகளில் மட்டும் குத்தகைக்கு விட முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: புதிய குடியிருப்புகளுக்குக் கலிபோர்னியாவில் என்ன விதி?

பதில்: 2001-இல் இயற்றிய சட்டங்களின்படி, 500 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு 20 ஆண்டு நீர் இருப்பைக் காட்ட வேண்டும்.

கேள்வி: அரிசோனாவில் பீனிக்ஸ் அருகே மனை வாங்கவிருக்கிறேன். 100 ஆண்டுத் தண்ணீர் உறுதி எல்லா மனைக்கும் உண்டா?

பதில்: இல்லை. 1980-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டத்தின்படி, அப்பகுதியில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளாகப் பிரிக்கும் மனைப்பிரிவுகளுக்கே அந்த உறுதி கட்டாயம். ஐந்தாகப் பிரித்து விற்றால் கட்டாயமில்லை. அவ்வாறு வளர்ந்த ரியோ வெர்டே பூட்ஹில்ஸ் பகுதிக்கு லாரியில் சென்றுகொண்டிருந்த தண்ணீரை ஸ்காட்ஸ்டேல் நகரம் 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது. பத்திரம் பதிவதற்கு முன் மனைப்பிரிவின் நீர் உறுதிச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.