புழுவைத் தின்னும் உயிரும் நோயின் கணக்கும்

கேள்வி: கொசுப்புழுக்களைத் தின்னும் மீன்களையும் பிற நீர்வாழ் உயிர்களையும் தண்ணீரில் விட்டால் நோய் குறையும் என்பது எளிதில் விளங்குகிறது. இதற்குக் கணித மாதிரிகள் எதற்கு?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: ஒரு மீன் நாளொன்றுக்கு எத்தனை புழுக்களைத் தின்கிறது என்று தொட்டியில் வைத்து எண்ணிவிடலாம், ஊரில் காய்ச்சல் குறையுமா என்பதை அந்த எண்ணிக்கை மட்டும் சொல்லாது. சிறிய நீர்த்தேக்கத்தில் நெருக்கமாக வளரும் புழுக்களுள் பல, உணவு போதாமல் தாமாகவே மடிகின்றன. அவற்றில் ஒரு பகுதியை மீன் தின்றுவிட்டால், எஞ்சியவை நன்றாக உண்டு வளர்ந்து, ஏறத்தாழ முன்பிருந்த அளவிலேயே கொசுக்களாக வெளிவரக்கூடும்.

1897-இல் செகந்தராபாத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் உடலில் கண்டறிந்த ரொனால்ட் ராஸ், கொசுக்களை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஒரு வரம்புக்குக் கீழே குறைத்தாலே நோய் மறையும் என்பதைப் பின்னர்ச் சமன்பாடுகளால் காட்டினார். ஒரு நோயாளியிடமிருந்து கொசுக்களின் வழியே சராசரியாக நால்வருக்குத் தொற்று பரவும் ஊரில், பிற நிலைமைகள் மாறாதிருக்க, கொசுக்கள் கால்பங்குக்கும் கீழே குறைய வேண்டும். பாதியாகக் குறைப்பது போதாது.

அவ்வளவு குறைத்த பின்பு வேட்டையாடும் உயிரின் கதி என்ன என்பதே என்னை மிகவும் ஈர்க்கும் கேள்வி. 1920-களில் லோட்கா, வோல்டெரா என்னும் கணித அறிஞர்கள் இருவர் தனித்தனியே எழுதிய, வேட்டையாடும் உயிரும் இரையும் பெருகிக் குறைவதைக் காட்டும் சமன்பாடுகளின்படி, ஒரே இரையை நம்பி வாழும் உயிர், இரை அருகியதும் தானும் அருகிப்போக, இரை மீண்டும் பெருகிவிடும். ஆகவே, பெருந்தீனி தின்னும் உயிரைவிட, கொசுப்புழு கிடைக்காத நாளிலும் வேறொன்றைத் தின்று அங்கேயே நிலைத்திருக்கும் உயிரே நமக்குப் பயன்படும்.

வியட்நாமில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு எதிராகப் பயன்பட்ட மீசோசைக்ளாப்ஸ் அத்தகையது. இறாலுக்கு உறவான, ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இந்தச் சிற்றுயிர், அப்போதுதான் பொரித்த கொசுப்புழுக்களைக் கொல்கிறது. அவை இல்லாதபோது நீரிலுள்ள பிற நுண்ணுயிர்களைத் தின்று வாழ்கிறது. 1993-இல் வடக்கு வியட்நாமின் பான்போய் கிராமத்தில் கிணறுகளிலும் பெரிய தொட்டிகளிலும் இதை விட்டனர். மறு ஆண்டுக்குள் அங்கே ஏடிஸ் ஈஜிப்டி கொசு இல்லாமற்போயிற்று. ஆயினும் இந்த வெற்றி அச்சிற்றுயிருக்கு மட்டும் உரியதன்று: அடிக்கடி வற்றிப்போகும் சிறு கலங்களில் அது நிலைக்காது என்பதால், தண்ணீர் தேங்கும் வேண்டாத பொருள்களை ஊர் மக்களே வீடு வீடாக அப்புறப்படுத்தினார்கள்.