கிரியாட்டினின் நார்மல், ஆனாலும் சிறுநீரைப் பாருங்கள்: கேள்வி பதில்

அம்மாவுக்கு 12 வருஷமாக சுகர். கிரியாட்டினின் 0.9 தான். கிட்னி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அந்த ஒரு எண்ணை நம்பி இருந்துவிடாதீர்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுதான் கிரியாட்டினின்; சிறுநீரகத்தின் திறன் பாதி போன பிறகும் அது ரத்தத்தில் நார்மலுக்குள் நிற்கலாம். அம்மாவுக்கு சிறுநீரில் ஏசிஆர் பாருங்கள். சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் அல்புமின் என்ற புரதம் கசிகிறது என்ற கணக்கு அது. 30-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 30 முதல் 300 வரை என்றால் கசிவு தொடங்கிவிட்டது. மருந்தால் நன்றாகத் தடுக்கக்கூடிய கட்டமும் இதுதான். சுகர் உள்ளவர்கள் வருஷம் ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும்.

எனக்கு ஏசிஆர் 68. முந்தின நாள் காய்ச்சல் இருந்தது.

காய்ச்சல், கடுமையான உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் எல்லாமே இதை ஏற்றிக் காட்டும். உடம்பு தேறியதும் காலை முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள். மூன்று முறை பார்த்ததில் இரண்டு முறையாவது கூடுதலாக இருந்தால்தான் கணக்கு.

மகளுக்கு லூபஸ். ரிப்போர்ட்டில் 'டிஸ்மார்ஃபிக் ஆர்பிசி' என்று போட்டிருக்கிறது. சாதாரண ரத்தக் கசிவுதானே?

இல்லை அம்மா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். லூபஸில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுநீரகத்தைத் தாக்கலாம். டிஸ்மார்ஃபிக் ஆர்பிசி என்றால் உருக்குலைந்த சிவப்பணு. கல்லாலோ சிறுநீர்ப்பையிலிருந்தோ வரும் சிவப்பணு மைக்ரோஸ்கோப்பில் காசு போல வட்டமாகத் தெரியும். சிறுநீரக வடிகட்டியின் கிழிசல் வழியே நசுங்கி வந்தது கோணலாக, ஓரத்தில் குமிழ் முளைத்தது போல இருக்கும். கூடவே ஆர்பிசி காஸ்ட் இருந்தால் சந்தேகமே வேண்டாம். சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் அணுக்கள் அடைத்து, அச்சில் வார்த்தது போலச் செம்பழுப்பு உருளையாக வெளியே வரும். அழற்சி இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. லேபில் ஸ்லைடு பார்க்கும் நான், அதில் ஒன்றே ஒன்று கண்ணில் பட்டாலும், ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்காமல் டாக்டருக்கு போன் செய்துவிடுவேன்.

புரதமும் ஒரு நாளைக்கு அரை கிராமுக்கு மேல் போனால் பயாப்ஸி, அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது பற்றிப் பேசுவார்கள். மறுக்காதீர்கள். அழற்சி எந்த வகை, எவ்வளவு தீவிரம் என்று அதில்தான் தெரியும்.

அப்பாவுக்கு பைபாஸ் முடிந்ததும் 'என்ஜிஏஎல்' என்று ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். எதற்கு?

ஆபரேஷனில் சிறுநீரகம் அடிபட்டதா என்று சீக்கிரமே தெரிந்துகொள்ளத்தான். நுண்குழாய் செல்கள் அடிபட்டால் என்ஜிஏஎல் என்ற இந்தப் புரதம் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே சிறுநீரில் ஏறும். கிரியாட்டினின் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். ஆனால் வெள்ளணுக்களும் இதைச் சுரப்பதால், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் கூடும். இதே வேலைக்காக டிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி-7 என்ற இரண்டு புரதங்களைச் சேர்த்து அளக்கும் டெஸ்ட்டுக்கு அமெரிக்காவில் 2014-இல் அனுமதி கிடைத்தது. அதுவும் ஐசியூ நோயாளிகளுக்குத்தான். மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் இதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டாம்.

வவுனியாவிலயிருந்து கேக்கிறன். அப்பா வயல் செய்யிறவர். சீனி வருத்தமும் இல்லை, பிரஷரும் இல்லை. சிறுநீரில முக்கிப் பாக்கிற டிப்ஸ்டிக் பட்டையில புரதம் இல்லை எண்டு வந்தது. அப்ப பயமில்லைத்தானே?

உங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு வரும், காரணம் இன்னும் உறுதியாகாத சிறுநீரக நோய் முதலில் தாக்குவது வடிகட்டியை அல்ல, நுண்குழாய்களை. அதனால் அல்புமின் அதிகம் கசியாது, டிப்ஸ்டிக்கும் காட்டாமல் போகலாம். நுண்குழாய் மறுபடி உறிஞ்ச வேண்டிய சிறு புரதங்களான ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் ஆகியவைதான் வெளியேறும். இதில் பீட்டா-2 அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் சிதைந்துவிடும்; ஆல்ஃபா-1 நிலைத்து நிற்கும். இந்த டெஸ்ட் பக்கத்தில் கிடைக்காவிட்டால், அப்பாவுக்கு ரத்தக் கிரியாட்டினினையும் சேர்த்தே பாருங்கள். அவரைப் பொறுத்தவரை டிப்ஸ்டிக் மட்டும் போதாது.

மாதிரியை வீட்டிலேயே பிடித்துக்கொண்டு போகலாமா?

போகலாம். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை லேப் கொடுத்த டப்பாவில் பிடியுங்கள். காஸ்ட் பார்ப்பதற்கு என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் கையில் கொடுத்துவிடுங்கள். வைத்திருந்தால் அணுக்கள் உடைந்து, காஸ்ட்டும் கரைந்துபோகும்.