ஸ்டெயர்வேயா, ராப்சடியா? – கடிதம்

வணக்கம் சார்,

ஹாஸ்டல்ல ஒரு வாரமா சண்டை. நான் லெட் செப்பலின் கட்சி, ரூம்மேட் குயீன் கட்சி. 'ஸ்டெயர்வே டு ஹெவன்'தான் பிரிட்டிஷ் ராக்குக்கே உச்சம்னு நான் சொல்றேன், 'பொஹீமியன் ராப்சடி' கிட்ட எதுவும் நிக்காதுன்னு அவன் சொல்றான். நீங்க ஒரு தீர்ப்பு சொல்லுங்க. ரெண்டுமே நல்லாருக்குன்னு மட்டும் சொல்லி நழுவிடாதீங்க.

உங்க வாசகன், கோயம்புத்தூர்

தம்பி,

தீர்ப்புதானே, ஸ்டெயர்வே. எட்டு நிமிஷ பாட்டுல செப்பலின் டிரம்மர் ஜான் போனம் டிரம்ஸ்ல கை வைக்கறதே நாலு நிமிஷம் தாண்டித்தான், அப்படி ஒரு அசுரனை அதுவரைக்கும் சும்மா உக்கார வெச்சிருக்காங்க பாருங்க, அந்த தைரியத்துக்கே மார்க் போடணும். ராப்சடி சாதாரண உழைப்பு இல்ல, 1975ல குயீன் ஆளுங்க ஃப்ரெடி மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர்னு மூணே பேரு குரலை டேப்ல மேல மேல அடுக்கி ஒரு ஓபரா கூட்டமே பாடற மாதிரி பண்ணிட்டாங்க. ஆனா எனக்கென்னவோ அதுல எல்லாமே முன்கூட்டியே முடிவு பண்ணி வெச்ச மாதிரி இருக்கும், எங்கயுமே கை நழுவாது. (இந்த வரியை ரூம்மேட்டுக்கு காட்ட வேணாம்.)

ஆனா எனக்கு புடிச்சது எதுன்னு கேட்டா ரெண்டும் கிடையாது. என் மண்டைக்குள்ள நடக்கற போட்டி வேற, ரோலிங் ஸ்டோன்ஸோட 'கிம்மி ஷெல்டர்' ஒரு பக்கம், பிங்க் ஃப்ளாய்டோட 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' இன்னொரு பக்கம். ரெண்டுலயும் பேண்ட் ஆளுங்க யாரும் ஹீரோ இல்ல, வெளியிலேருந்து பாட கூப்பிட்ட ஒரு பொண்ணு வந்து பாட்டையே கையோட எடுத்துட்டு போயிடறாங்க.

கிம்மி ஷெல்டர் 1969. லண்டன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு லாஸ் ஏஞ்சலஸ்ல மிச்ச வேலை நடக்கும்போது பொம்பளை குரல் ஒண்ணு வேணும்னு தோணி, அங்க இசை ஏற்பாடு பண்ணிட்டிருந்த ஜாக் நிட்சே நடுராத்திரி மெர்ரி கிளேட்டன்ங்கற பாடகிக்கு போன் அடிக்கறார். அந்தம்மா அப்ப கர்ப்பம், படுக்க போற நேரம், தலைல மாட்டின கர்லரோட கிளம்பி வர்றாங்க. வந்தா கையில குடுக்கறது வன்புணர்வு, கொலைன்னு வர்ற வரி. பாடறாங்க. மூணு நிமிஷம் கிட்ட 'மர்டர்'ங்கற வார்த்தைல குரல் உடையுது, பின்னாடி யாரோ அசந்து போய் 'வூ'ன்னு கத்தறது கேக்கும், அது ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர்தான். ஹெட்போன் போட்டா தெளிவா புடிபடும். டீப் பர்ப்பிள் பேண்டோட 'சைல்ட் இன் டைம்'ல பாடகர் இயன் கில்லன் போடற அலறல் இதை விட உசரம், நானும் வாய பொளந்து கேட்டிருக்கேன், ஆனா அவர் எங்க போறார்னு அவருக்கு தெரியும். இங்க தெரியல. அதான் வித்தியாசம். அன்னைக்கு பாடிட்டு போனப்புறம் அவங்களுக்கு கர்ப்பம் கலைஞ்சுது, அது ரொம்ப இருண்ட காலம்னு பின்னாடி பேட்டில சொல்லியிருக்காங்க. ஆல்பம் வந்தப்ப பேரைக்கூட ஒழுங்கா போடல, 'மேரி'ன்னு அச்சடிச்சாங்க.

ஃப்ளாய்ட் கதை 1973 ஜனவரில. கீபோர்டு வாசிக்கற ரிக் ரைட்டோட பியானோ ஏற்கனவே ரெடி, மேல என்ன போடறதுன்னு முழிச்சிட்டிருந்தப்ப இன்ஜினியர் அலன் பார்சன்ஸ் சொல்லி கிளேர் டோரிங்கற பாடகி லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவுக்கு வர்றாங்க, 25 வயசு. பாட்டுக்கு வரியே கிடையாது. 'பேபி பேபி'ன்னு ஏதோ ஆரம்பிச்சவங்களை அந்த வார்த்தையும் வேணாம்னு சொல்லிட்டாங்க, சரி நம்ம குரலையே ஒரு வாத்தியமா நெனச்சுப்போம்னு பாடினதுதான் நாம கேக்கறது. நம்மாளுங்க நிறைய பேர் இதை ஆலாபனைன்னு சொல்வாங்க, எனக்கு ஒப்புதல் இல்ல. ஆலாபனைல சுருதி அசையாம கீழ நிக்கும், இங்க காலுக்கு கீழ கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கற சுரக்கூட்டு) மாறிட்டே இருக்கு, அவங்க ஒவ்வொரு தடவையும் புதுசா நிக்க இடம் தேடறாங்க. அதுவும் அலறி முடிச்ச பிறகு குரலை அடக்கி இறங்கி வர்றாங்க பாருங்க, அதான் கஷ்டம்.

சம்பளம் 30 பவுண்டு, அதுவும் ஞாயித்துக்கிழமைங்கறதால டபுள் ரேட். ஸ்டுடியோல யாரும் பெருசா ஒண்ணும் சொல்லாததால இதை தூக்கி போட்டுடுவாங்கன்னு நெனச்சுட்டே கிளம்பியிருக்காங்க. அந்த ஆல்பம், 'த டார்க் சைட் ஆஃப் த மூன்', என்ன ஓட்டம் ஓடுச்சுன்னு உங்களுக்கே தெரியும். 2004ல இசையமைப்புல பங்கு கேட்டு டோரி கேஸ் போட்டாங்க, 2005ல கோர்ட்டுக்கு வெளியில முடிஞ்சுது, அப்புறம்தான் ரிக் ரைட் பேரோட அவங்க பேரும் இசையமைப்புல வருது. நியாயம்தான். கிளேட்டன் இல்லாட்டியும் ஸ்டோன்ஸ் கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸோட அந்த கிட்டார் ஆரம்பத்துக்காக கிம்மி ஷெல்டரை கேப்போம், டோரி இல்லன்னா மிஞ்சறது ஒரு அழகான பியானோ, அவ்ளோதான்.

அப்படி பாத்தா கிரேட் கிக்தானே ஜெயிக்கணும்? எனக்கு இல்ல. குரல் உடையற அந்த ஒரு செகண்டுக்காக என் ஓட்டு கிம்மி ஷெல்டருக்கு, இதுக்கு மேல லாஜிக் கேக்காதீங்க.

உங்க கட்சியிலயும் இப்படி ஒருத்தங்க இருக்காங்க, கவனிச்சிருப்பீங்களான்னு தெரியல. ஸ்டெயர்வே வந்த அதே 1971 ஆல்பத்துல அதுக்கு முந்தின பாட்டு 'த பேட்டில் ஆஃப் எவர்மோர்', அதுல செப்பலின் பாடகர் ராபர்ட் பிளாண்ட் கதை சொல்ல, ஃபேர்போர்ட் கன்வென்ஷன்ங்கற பேண்டுல பாடின சாண்டி டென்னி ஊருக்கு சேதி சொல்றவங்களா எதிர்ப்பாட்டு பாடறாங்க. டிரம்ஸே கிடையாது, மேண்டலின்தான். உறைல செப்பலின் நாலு பேருக்கும் ஆளுக்கொரு சின்னம் போட்டாங்கல்ல, டென்னிக்கும் மூணு முக்கோணம் போட்ட சின்னம் ஒண்ணு இருக்கு. பிளாண்டுக்கு ஈடு குடுத்து பாடி பாடி கடைசில தொண்டை கட்டிடுச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க, அதை மனசுல வெச்சுட்டு கேளுங்க.