வாகனக் கேள்வி–பதில்: மோடு மாறினால் சைலன்சர் சத்தம் ஏன் மாறுகிறது?

கார்களின் டிரைவ் மோடு (கம்ஃபர்ட், ஸ்போர்ட், ஈகோ என்று ஓட்டும் விதத்தை மாற்றும் வசதி), சைலன்சர் சத்தம் பற்றி நெல்லை, தென்காசிப் பக்கமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

அண்ணாச்சி, என்னுடையது ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல் செடான். கம்ஃபர்ட்டில் இருந்து ஸ்போர்ட்டுக்கு மாற்றினால் வண்டி உறுமுகிறது. ஆனால் வாசல் நடையில் இருக்கும் ஆச்சியிடம் கேட்டால், "ரெண்டும் ஒண்ணு போலத்தாம்ல கேக்கு" என்கிறாள். யார் சொல்வது சரி?
— பாளையங்கோட்டை வாசகர்

இரண்டு பேர் சொல்வதும் சரி. மோடு மாறும்போது சத்தம் மூன்று வழிகளில் கூடுகிறது. அதில் ஒன்று காருக்குள் மட்டும்தான் கேட்கும்.

முதல் வழி சைலன்சர் வால்வு. பின் சைலன்சரிலோ டெயில் பைப்புக்குச் சற்று முன்னாலோ ஒரு வட்டத் தகடு, குறுக்குத் தண்டில் சுழலும்படி இருக்கும். வாய்க்கால் மடைப் பலகை மாதிரிதான் வேலை: அடைத்தால் புகை சைலன்சரின் அறைகளுக்குள் சுற்றி வந்து வெளியேறும், திறந்தால் நேர்வழியில் போகும். கம்ஃபர்ட்டில் குறைந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) மூடியிருக்கும். ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்தால் அப்போதும் திறக்கும். ஸ்போர்ட்டில் முன்கூட்டியே திறந்து, அதிக நேரம் திறந்தே இருக்கும்.

இரண்டாவது ஆர்பிஎம். ஸ்போர்ட்டில் கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போகாமல் பிடித்து வைக்கும். அதே 60 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 1,400-க்குப் பதில் 2,300-ல் ஓடினால், ஆறு சிலிண்டரில் விநாடிக்கு 70 வெடிப்பு என்பது 115 ஆகிவிடும். சுருதியே ஏறிவிடுகிறது. ஸ்போர்ட் சத்தம் என்று பலர் ரசிப்பதில் பெரும்பங்கு இதுதான் என்பது எங்கள் கருத்து.

மூன்றாவதுதான் உங்களுக்குக் கேட்டு ஆச்சிக்குக் கேட்காதது: ஸ்பீக்கர். பிஎம்டபிள்யூ உள்ளிட்ட பல நிறுவனங்கள் ஆர்பிஎம்முக்கும் மிதிக்கும் அளவுக்கும் ஏற்ப, எஞ்சின் ஒலியை ஆடியோ சிஸ்டம் வழியாகக் கேபினுக்குள் கூட்டுகின்றன. போர்ஷே 911-ன் 991 தலைமுறையில் ஸ்பீக்கரே இல்லாமல், எஞ்சினுக்குள் காற்று போகும் பாதையின் அதிர்வை ஒரு குழாயும் சவ்வும் கேபினுக்குக் கடத்தின. ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் அந்தக் குழாயின் வால்வு திறக்கும்.

பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஆளில்லாத ரோட்டில் கியரை மேனுவலுக்கு மாற்றி, மூன்றாம் கியரில் 2,500 ஆர்பிஎம்மை அசையாமல் பிடியுங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மோடை மாற்றிக் கேளுங்கள். ஆர்பிஎம் மாறாததால் இப்போது கேட்கும் வித்தியாசம் வால்வும் ஸ்பீக்கரும் தருவது. அடுத்து, ரோட்டோரம் ஏழெட்டு மீட்டர் தள்ளி ஒருவரை நிறுத்தி, அதே கியர், அதே ஆர்பிஎம்மில் இரண்டு மோடிலும் கடந்து போங்கள். அவருக்குக் கேட்கும் வித்தியாசம் வால்வுடையது மட்டும். செல்போனில் பதிவு செய்து ஒப்பிட வேண்டாம். போன் தானாகவே பெரிய சத்தத்தைக் குறைத்துச் சின்னதை ஏற்றிவிடும். இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும்.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு கணவாய் இறக்கத்தில் ஸ்போர்ட் மோடில் காலை எடுத்தால் 'பட், பட்' என்று வெடிக்கிறது. பெட்ரோல் வீணாகிறதா? எஞ்சினுக்குக் கெடுதலா?
— தென்காசி வாசகர்

சாதாரண மோடில் ஓட்டத்தில் காலை எடுத்ததும் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். ஸ்போர்ட்டில் கம்பெனியே வேண்டுமென்று கொஞ்சம் பெட்ரோலை விட்டு, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது. எரிந்து முடியாத கலவை எஞ்சினுக்குள் இருக்கும் எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டி (இது சைலன்சர் வால்வு அல்ல), சூடான மேனிபோல்டிலும் பைப்பிலும் பற்றுகிறது. அதுதான் அந்த 'பட் பட்'. கூடுதல் பெட்ரோல் செலவு சொற்பம்.

கம்பெனி செட்டிங்கில் கவலை வேண்டாம். எக்ஸாஸ்ட் வெப்பத்தை இசியு, அதாவது எஞ்சினை நடத்தும் கணினி, கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். எல்லையை நெருங்கினால் வெடிப்பை நிறுத்திவிடும். ஆபத்து வெளியில் செய்யும் டியூனிங்கில்தான் இருக்கிறது. நீண்ட, பலத்த வெடிச் சத்தம் வேண்டும் என்று அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும் பெட்ரோல் உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூட்டை உருக்கிவிடும். முதலில் P0420 என்ற கோளாறு கோடுடன் எஞ்சின் விளக்கு எரியும், பிறகு வண்டிக்கு அடியில் கலகலவென்று சத்தம் வரும். உடைந்த துண்டுகள் பின்னால் போய் அடைத்தால் வண்டி இழுக்காது.

ஒன்று கவனியுங்கள். சில கார்கள் ஈகோ மோடில் காலை எடுத்ததும் எஞ்சினைக் கியரிலிருந்து விடுவித்து உருளவிடும். மலை இறக்கத்தில் எஞ்சின் பிரேக் கிடைக்காது, பிரேக் பேடு கொதித்துவிடும். எனவே இறக்கத்தில் மேனுவலில் இரண்டாம் அல்லது மூன்றாம் கியரைப் பிடித்து வாருங்கள். வெடிச் சத்தம் பிடிக்கவில்லை என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமைக்கும் இண்டிவிஜுவல் மோடில் எஞ்சினையும் சைலன்சரையும் கம்ஃபர்ட்டில் வைத்துவிட்டு, கியரை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

நாலு சிலிண்டர் டர்போ ஹேட்ச்பேக்குக்கு வெளியில் ஃப்ரீ ஃப்ளோ (புகையைத் தடையில்லாமல் விடும்) சைலன்சர் மாட்டினேன். நாங்குநேரி தாண்டி நால்வழிச் சாலையில் 95–100-ல் போனால் காதை அடைக்கிற மாதிரி ரீங்காரம். 80-ல் இல்லை. எந்த மோடிலும் மாறவில்லை.
— வள்ளியூர் வாசகர்

மோடில் மாறாது. நீங்கள் மாட்டியதில் மூடுவதற்கு வால்வே இல்லை.

100 கி.மீ.யில் மேல் கியரில் உங்கள் எஞ்சின் சுமார் 2,100-ல் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். நாலு சிலிண்டருக்கு ஒரு சுற்றில் இரண்டு வெடிப்பு, அதாவது விநாடிக்கு 70. இந்த 70 ஹெர்ட்ஸ் கேபினின் சொந்த அதிர்வோடு ஒத்துப்போவதால் காதை அடைக்கிறது. கூடுதலாகக் கண்ணாடி இழை அடைத்துத் தருகிறோம் என்பார்கள், நம்பாதீர்கள். இழை கீச்சுச் சத்தத்தைத்தான் உறிஞ்சும், 70 ஹெர்ட்ஸுக்கு உதவாது. ஒருமுனை அடைத்த பக்கக் குழாய் பற்றவைப்பதும் உண்டு. அதன் நீளம் அலையின் கால் பங்காக இருக்க வேண்டும். 350 டிகிரிச் சூட்டில் புகைக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் போகும். கணக்குப் போட்டால் 1.8 மீட்டர் குழாய் வேண்டும். ஹேட்ச்பேக்குக்கு அடியில் அதற்கு ஏது இடம்? குறுகிய கழுத்துள்ள மூடிய அறை செய்து அதே அலைக்குச் சரியாக அமைக்கலாம். அதற்கு விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். கம்பெனி சைலன்சரைத் திரும்ப மாட்டுவதே மலிவு.

ஈகோ மோடிலும் ஸ்போர்ட் மாதிரியே அலறுகிறது. மோடு மாற்றினால் சத்தத்தில் அசைவே இல்லை.
— திசையன்விளை வாசகர்

வால்வு திறந்த நிலையில் நின்றுவிட்டது. கடற்கரைப் பக்கம் இதை எதிர்பார்க்கலாம். உப்புக்காற்று வெளியிலிருந்தும், குறைந்த தூர ஓட்டத்தில் பைப்புக்குள் தேங்கும் ஈரமும் கரியும் உள்ளிருந்தும் தண்டைப் பிடித்துவிடும்.

சைலன்சர் முழுதும் ஆறியபின் வண்டியைத் தூக்கி, வால்வுக்கு வருவது ரப்பர் ஹோஸா மின்சார ஒயரா என்று முதலில் பாருங்கள்.

ஹோஸ் என்றால் அது வேக்கம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) வகை. இதில் பெரும்பாலும் ஸ்பிரிங் திறக்கும், வேக்கம் மூடும். எனவே ஹோஸில் ஒரு விரிசல் விழுந்தாலே வால்வு எப்போதும் திறந்திருக்கும். ஹோஸைக் கழற்றி, கை வேக்கம் பம்பை வால்வின் டப்பாவில் மாட்டி, பம்பின் முள் 15 முதல் 20 பாதரச அங்குலம் காட்டும் வரை இழுங்கள். லீவர் நகர்ந்து ஒரு நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். முள் இறங்கினால் உள்ளே டயாபிரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. முள் நின்றும் லீவர் நகராவிட்டால் தண்டு இறுகியிருக்கிறது. இரண்டும் சரி என்றால் எஞ்சினை ஐடிலில் விட்டு, ஈகோவில், கழற்றிய ஹோஸ் முனையில் விரலை வையுங்கள். இழுப்பு இல்லை என்றால் சோலனாய்டோ (வேக்கத்தை விட்டு நிறுத்தும் மின் வால்வு) மேலே உள்ள ஹோஸோதான் குற்றவாளி. ஐந்தாறு அங்குலத் துண்டு மாற்றினால் தீர்ந்துபோகும் கோளாறுக்குச் சைலன்சரையே மாற்றச் சொல்லி மதிப்பீடு தந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒயர் என்றால் மோட்டார் வகை. எஞ்சினை ஐடிலில் விட்டு ஒருவர் மோடை மாற்ற, மற்றவர் எட்ட நின்று டார்ச் அடித்துப் பார்க்கட்டும். மோட்டார் முனகியும் லீவர் அசையாவிட்டால் தண்டு இறுகியிருக்கிறது. முனகலே இல்லை என்றால் ஃபியூஸையும் கனெக்டர் பின்களையும் பாருங்கள், பச்சை பிடித்திருக்கும்.

இறுகிய தண்டுக்கு மோட்டாரைக் கழற்றி, தண்டின் இரு முனையிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் ஸ்பானரால் இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்து அசைத்துத் திறக்க வேண்டும். சுத்தியல் கூடாது, தகட்டின் ஒட்டு விட்டுவிடும். சாதாரண கிரீஸும் கூடாது. அந்தச் சூட்டில் கருகிக் கட்டியாகி, மறுபடி பிடித்துவிடும். நிக்கல் கலந்த ஆன்டி–சீஸ் பசை கொஞ்சம் போதும். மோட்டாரை மாட்டியபின் பல கார்களில் ஸ்கேனரால் 'அடாப்டேஷன்' கொடுத்தால்தான் அது இரு எல்லைகளையும் கற்றுக்கொள்ளும். அதன்பின் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டி, வண்டி நன்றாகச் சூடானதும் நாலைந்து தடவை மோடை மாற்றிவிடுங்கள். தண்டு இறுகாது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் எந்த மோடிலும் பெரிய சத்தம். ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது.
— அம்பாசமுத்திரம் வாசகர்

கோளாறு இல்லை. கன்வெர்ட்டர் வேலை செய்யச் சுமார் 250–300 டிகிரி சூடு வேண்டும். அதைச் சீக்கிரம் எட்ட இசியு ஐடிலை 1,200 பக்கம் ஏற்றி, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது. மோடுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சில கார்களில் அந்த நேரம் வால்வையாவது மூடி வைக்கலாம். ஃபோர்டு மஸ்டாங்கின் 2018 மாடல் முதல், ஆக்டிவ் எக்ஸாஸ்ட் உள்ள கார்களில், எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை அமைதியாக ஸ்டார்ட் ஆக வேண்டும் என்று நேரமே குறித்து வைக்கலாம். உங்கள் காரின் மெனுவிலும் தேடிப் பாருங்கள்.

வால்வை எப்போதும் திறந்து வைக்கும் ரிமோட் கன்ட்ரோலர் விற்கிறார்கள். கம்பெனி சைலன்சர்தானே, போலீஸ் பிடிக்குமா?
— முருகன்குறிச்சி வாசகர்

பிடிக்கலாம். கார் சோதனையில் தேறியது கம்பெனி எழுதிய வால்வு நிரலோடு. பயணிகள் காருக்கு 2005 ஏப்ரல் முதல் ஓடும் நிலைச் சோதனையின் வரம்பு 74 டெசிபல். நிரலைத் தாண்டி வால்வைத் திறந்தே வைத்தால் அந்த நிலையில் உங்கள் கார் தேறியதாக யாரும் சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி மாசுக்கு முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

உங்கள் பக்கம் இன்னொன்றும் இருக்கிறது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்கின்றன 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். அப்படி அறிவித்த இடத்தில் பகலில் 50, இரவு 10 முதல் காலை 6 வரை 40 டெசிபல்தான் வரம்பு. பாளையங்கோட்டையில் பள்ளியோ கல்லூரியோ இல்லாத ரோடு எத்தனை இருக்கிறது? ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைப் பக்கம் திறந்த வால்வோடு போவது, சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாத காரியம்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு, ஒரிஜினல் கனெக்டரை நேரடியாக வால்வு மோட்டாரில் செருகி, ஸ்கேனரில் பழைய கோடுகளை அழியுங்கள். கன்ட்ரோலருக்காக ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால் அந்த இடத்தைச் சால்டர் செய்து, வெப்பத்தில் சுருங்கும் உறை போடுங்கள். வெறும் டேப் சைலன்சர் சூட்டில் உரிந்துவிடும்.